இரவல் போன தண்ணித் துப்பாக்கி

அன்புக்கரசி அதை மிஷின் என்றுதான் சொல்லுவாள். தெருவில் அவளைத் தவிர ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. கையில் பிடித்தால் துப்பாக்கி மாதிரி இருந்தது, விசையை அழுத்தினால் தண்ணீரைப் பீய்ச்சியது, அதனால் துப்பாக்கி. நாளடைவில் அவளே துப்பாக்கியக்கா ஆகிப்போனாள். காய்கறி வண்டிக்காரர்கூட, “துப்பாக்கிக்கா, கத்திரிக்கா வேணுமா?” என்று ராகம் போட்டுக் கேட்டார். அன்றைக்கு அவள் கத்திரிக்காய் வாங்கவில்லை.

கார் கழுவுகிற மிஷின் அது. கைப்பிடிக்கு அடியில் பேட்டரி. பின்னால் ஒரு குழாய். அதன் நுனியைப் பக்கெட்டுக்குள் போட்டுவிட்டால் தண்ணீரைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். முன்மூக்கைத் திருகினால் தண்ணீர் ஊசியாகவும் வரும், விசிறியாகவும் வரும். மூக்கைக் கழற்றிவிட்டு ஒரு பாட்டிலை மாட்டினால் ஷாம்பு நுரையாகப் போய் வண்டிமேல் உட்காரும். குழாயடி வேண்டாம், கரண்டு வேண்டாம். பக்கெட்டும் தண்ணீரும் இருந்தால் எந்த வீட்டு வாசலிலும் நின்று ஒரு காரைக் கழுவிவிடலாம். செல்போன் வீடியோவில் இதைப் பார்த்த நாளே அன்புக்கரசி முடிவு செய்துவிட்டாள். சீட்டு எடுத்த பணத்தில் மிஷின் வந்தது, கூடவே மாற்று பேட்டரி ஒன்றும்.

வண்டி கழுவுவது அவளுக்குப் புதிதல்ல. அவள் அப்பா வேப்பூரில் நெடுஞ்சாலை ஓரமாகச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். லாரிக்காரர்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் பள்ளிக்கூடச் சீருடையோடு ஏறி, முன்கண்ணாடியில் செத்து ஒட்டியிருக்கும் பூச்சிகளையெல்லாம் தேய்த்து எடுத்துவிடுவாள். யாரும் அவளைச் செய்யச் சொன்னதில்லை. அழுக்கான கண்ணாடி ஒன்று எதிரே நின்றால் அவளுக்குக் கை சும்மா இருக்காது, அவ்வளவுதான்.

கல்யாணமாகி விருத்தாசலம் வந்தபிறகு வேறு தூசி. கணவர் தங்கராசு நெய்வேலிக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு நந்தகுமார் செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மை யூனிட் வைத்திருந்தார். அங்கே ஃபினிஷிங் வேலைக்கு அன்புக்கரசியைச் சேர்த்துவிட்டார்கள். அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த பொம்மையின் இரண்டு பக்கமும் ஒரு கோடு ஓடும். அதைக் கத்தியால் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, கிளேஸ் அடிக்க அனுப்ப வேண்டும். பிள்ளையாரின் தொப்பையிலிருந்தும் மீராவின் தம்புராவிலிருந்தும் சுரண்டிய வெள்ளைத் தூள் அவள் புருவத்தில் ஏறியது, சாப்பாட்டு டப்பாவில் ஏறியது, கடைசியில் நெஞ்சில் ஏறியது. இருமல் வந்தால் நிற்பதே இல்லை. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இனிமே அந்தத் தூசிப் பக்கமே போவாதீங்க” என்றார். அவளும் போகவில்லை. மிஷினை வாங்கினாள்.

அதன்பிறகுதான் தெரிந்தது, இந்த ஊரில் அந்த மிஷின் எல்லாருக்கும் வேண்டும், கார் கழுவத்தான் யாருக்கும் வேண்டாம் என்று.

முதலில் கூப்பிட்டவர் பெரியார் நகரில் ஒரு ரிட்டயர்டு அதிகாரி. கேட்டைத் திறந்தவர் அவள் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“ஜென்ட்ஸ் யாரும் வரலியா?”

“நான்தாங்க கழுவறது.”

“அதுக்கில்லம்மா. வண்டி பெரிசு.”

வண்டி பெரிசாக இருந்தால் என்ன, அதைத் தூக்கியா வைக்கப் போகிறாள்? பக்கெட்டைக் கீழே வைத்தாள். பாதி கழுவியிருப்பாள், அவருடைய மனைவி வெளியே வந்து, அப்படியே இந்த ஜன்னல் கம்பிக்கும் ஒரு பீய்ச்சு, இந்தச் செடித் தொட்டிக்கும் ஒரு பீய்ச்சு என்று ஆரம்பித்தார். காருக்கு வைத்திருந்த பேட்டரி செடித் தொட்டியோடு தீர்ந்தது.

இன்னொரு வகை ஆண்கள் இருந்தார்கள். அவள் கழுவத் தொடங்கியதும் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார்கள். கொஞ்ச நேரத்தில் கை நமநமக்கும். “குடும்மா, ஒரு தடவ நான் அடிச்சுப் பாக்கறேன்” என்று வாங்குவார்கள். வாங்கியவர்கள் திருப்பித் தந்ததாகச் சரித்திரமே இல்லை. டயர், கதவு, கூரை, போகிற வழியில் ஒரு பூனை என்று எல்லாவற்றின்மேலும் அடித்து முடித்துவிட்டு, “நானே முழுக்கக் கழுவிட்டேன், ஒனக்கு எதுக்குக் காசு?” என்று சிரிப்பார்கள். அது வேடிக்கையாம். அவளும் சிரிக்க வேண்டுமாம்.

இதெல்லாம் வெளியே. வீட்டுக்குள் இருந்தது மாமியார் செல்வநாயகி. கேட்டவர்களுக்கு இல்லையென்று சொல்ல அந்த அம்மாளுக்கு வாய் வராது. அன்புக்கரசி ரேஷன் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் மிஷின் யாருடைய மொட்டை மாடியிலாவது தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருக்கும். ஒருநாள் எருமையைக் குளிப்பாட்டியது. ஒருநாள் கொசுவலையைக் கிழித்துவிட்டு வந்தது. கடைசி வீட்டு பாலகிருஷ்ணன் வயலிலிருந்து நேராக வந்து, வாசலில் நின்று, முழங்கால் சேற்றை அதனால் பீய்ச்சிக் கழுவிக்கொண்டு, “சொகமா இருக்குது அண்ணி” என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

“இன்னாத்துக்கு அத்த எடுத்துக் குடுக்கறீங்க? என் பொழப்பு அது.”

“கேட்டா எப்பிடி அன்பு இல்லன்னு சொல்றது? நாளைக்கு நாம அவுங்க வூட்டுப் படி ஏற மாட்டமா? கொழம்புக்குப் புளி வாங்க மாட்டமா?”

“புளி தீந்தா வாங்கிக்கலாம். பேட்டரி தீந்தா?”

“சார்ஜி போட்டா ஏறிக்குது. நான்தான் பாக்கறேனே.”

தங்கராசு இரண்டு பக்கமும் பேசமாட்டார். ஆனால் ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னார்: “தீவாளி வரைக்கும் பாரு. அதுக்குள்ள நெலையா ஒரு எடம் கெடைக்கலன்னா, நந்தகுமாருகிட்ட நானே சொல்லி வுடறேன். மூஞ்சியில துணி கட்டிக்கிட்டு வேல பாரு.” கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவள் பயந்தாள். இந்த மனிதர் கோபத்தில் சொன்னதை மறந்துவிடுவார், சாதாரணமாகச் சொன்னதைச் செய்துவிடுவார்.

நிலையான இடம் என்று அவள் மனதில் இருந்தது ஒன்றுதான். ஜங்ஷன் ரோட்டில் டிராவல்ஸ் வைத்திருக்கும் ஷபியுல்லா பாய். நான்கு வண்டிகள் ஓடின. நான்கும் சேத்தியாத்தோப்புச் சேற்றையும் நெடுஞ்சாலைப் புழுதியையும் அப்பிக்கொண்டுதான் திரும்பின. வாரம் ஒருமுறை நான்கு வண்டியும் அவள் கைக்கு வந்தால் போதும், யூனிட் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டாம். இரண்டு தடவை போய்க் கேட்டாள். மூன்றாவது தடவை அவர் கணினியிலிருந்து தலையைத் தூக்கினார்.

“பொம்பளைங்க வண்டி கழுவி நான் பாத்ததில்ல. ஆனா யாரு கழுவுறாங்கன்னு வண்டிக்குத் தெரியவா போவுது?” என்றார். “நாயித்துக்கெழம எங்க தங்கச்சி மவன் அசீமுக்கு நிக்காஹ். வூட்டுக்குன்னு புதுசா ஒரு கருப்பு வண்டி எடுத்திருக்கேன். மாப்பிள்ள அதுலதான் போவணும். காலைல வந்து கழுவு. நல்லா இருந்தா டிராவல்ஸ் வண்டி நாலும் ஒனக்குத்தான்.”

கருப்பு வண்டி. கழுவுகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய பரீட்சை கிடையாது. வெள்ளை வண்டி பாதி அழுக்கைத் தானே மறைத்துக்கொள்ளும். கருப்பு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிடும். விருத்தாசலத்து போர் தண்ணீரில் ஒரு சொட்டை வெயிலில் காயவிட்டால் போதும், உப்பு வட்டம் போட்டு உட்கார்ந்துவிடும்.

வெள்ளிக்கிழமையே எலுமிச்சை வாசனை ஷாம்புவைப் பாட்டிலில் கலந்து வைத்தாள். இரண்டு பேட்டரியையும் முழுதாகச் சார்ஜ் ஏற்றினாள். ஏற்றியதைப் பையின் இடது பக்க அறையில் போடுவது அவள் வழக்கம், தீர்ந்தது வலது பக்கம். சனிக்கிழமை திட்டக்குடியில் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. போகும்போது மாமியாரைக் கூப்பிட்டுச் சொன்னாள்: “அத்த, இன்னிக்கு யாரு கேட்டாலும் மிஷின் இல்ல. சாமி வந்து கேட்டாலும் இல்ல.”

“போயிட்டு வாடி. எனக்குத் தெரியாதா?”

சாயந்திரம் திரும்பியபோது மிஷின் அலமாரியில் அதே இடத்தில் இருந்தது. வெளியெல்லாம் துடைத்து இன்னும் பளிச்சென்று இருந்தது. மாமியார்தான் தூசி தட்டியிருக்கிறார் என்று நினைத்து, திட்டக்குடியிலிருந்து கொண்டுவந்த கலந்த சாதப் பொட்டலங்களில் பெரியதை அவரிடம் கொடுத்தாள். செல்வநாயகி அதை வாங்கிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். சும்மா இருக்கும்போதே ஊர்க்கதை பேசுகிறவர் பேசாமல் போனதை அன்புக்கரசி கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஷபியுல்லா வீட்டுக் காம்பவுண்டில் பந்தல் போட்டிருந்தார்கள். உள்ளே பெண்கள் கூட்டம், பின்பக்கம் பிரியாணி தாளிக்கிற வாசனை. கருப்பு வண்டி நடுவில் நின்றது. பாய் வெள்ளைச் சட்டையில் சோப்பு விளம்பரம் மாதிரி நின்றார். அன்புக்கரசி பக்கெட்டை நிரப்பினாள். முதலில் வெறும் தண்ணீர். விசிறியாகப் பீய்ச்சிப் புழுதியை இறக்கினாள். மிஷின் கொஞ்சம் மூச்சு வாங்குவது போலச் சத்தம் போட்டது. மூக்கைக் கழற்றிப் பாட்டிலை மாட்டினாள். பாட்டிலில் பாதிக்கு வெள்ளையாக இருந்தது. அவள் ஷாம்புவும் பால் மாதிரி வெள்ளைதான். கொஞ்சம் தண்ணீர் சேர்த்துக் குலுக்கிவிட்டு, கூரையிலிருந்து பானெட் வரை ஒரே வீச்சாக அடித்தாள்.

நுரை வரவில்லை. பால் வந்தது.

வண்டி கண்ணெதிரே வெள்ளையாகிக்கொண்டிருந்தது. எலுமிச்சை வாசனை எங்கே என்று தேடினாள். இல்லை. கதவில் வழிந்ததை விரலால் தொட்டு, கட்டைவிரலோடு தேய்த்தாள். நறநறவென்றது.

அந்த நறநறப்பை அவளுக்குத் தெரியும். எத்தனையோ வருஷம் பக்கத்து மேசையில் பார்த்தது. கிளேஸ். பொம்மைமேல் பூசி, சூளையில் வெந்து வந்தால் பளபளப்பு. வேகாதவரைக்கும் அது தண்ணீரில் கரைத்த கண்ணாடித் தூள்.

“இன்னாம்மா இது? இந்த ஷாம்பு எந்த ஊரு?” ஷபியுல்லா சிரித்துக்கொண்டே கிட்டே வந்தார். வந்தவர் பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து பானெட்டின்மேல் கொண்டுபோனார்.

“தொடாதீங்க பாய்! கைய எடுங்க! எடுங்கன்றேன் இல்ல!”

அவருடைய வீட்டு வாசலில் அவரை அப்படி யாரும் அதட்டியிருக்க மாட்டார்கள். கை அந்தரத்தில் நின்றது. பந்தலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“தொடச்சா கீறிடும் பாய். இது பொம்மைக்கு அடிக்கற மருந்து. தண்ணியா ஊத்தித்தான் எறக்கணும். காயறதுக்குள்ள.”

“பொம்மைக்கு அடிக்கறத என் வண்டிக்கு எதுக்கும்மா அடிச்ச?”

அதற்குப் பதில் சொல்ல நேரமில்லை. பாட்டிலைக் கழற்றி எறிந்துவிட்டு மூக்கை மாட்டினாள். விசையை அழுத்தினாள். மிஷின் ஒரு முனகு முனகி நின்றுவிட்டது. இடது பக்க அறையிலிருந்து மாற்று பேட்டரியை எடுத்துப் போட்டாள். விளக்குகூட எரியவில்லை. ஏற்றி வைத்த இரண்டையும் யாரோ ஒட்டக் குடித்துவிட்டு, ஒழுங்காக அதே அறையில் திருப்பி வைத்திருக்கிறார்கள்.

“அக்கா, தண்ணி எவ்ளோ வேணும்?” படியிலிருந்து பாயின் மனைவி தாஜ் நிஷா கேட்டாள். கேட்டவள் பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே திரும்பிக் கத்தினாள். பட்டுப்புடவையும் மருதாணிக் கையுமாக ஐந்தாறு பெண்கள் பக்கெட், குடம், பிரியாணிக்கு அரிசி களைந்த அன்னக்கூடை என்று கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அன்புக்கரசி வண்டிக் கதவுக்குக் கீழே இருந்த படியில் ஏறி நின்று, வாங்கி வாங்கிக் கூரையின்மேல் கவிழ்த்தாள். கை வைக்காமல், தேய்க்காமல், மேலிருந்து கீழே. தண்ணீர் வெள்ளையாக ஓடி, கலங்கலாக ஓடி, பிறகு தண்ணீராகவே ஓடியது. ரப்பர் இடுக்குகளில் மட்டும் சொம்பால் பொறுமையாக ஊற்றினாள். சுஹைனா என்ற சின்னப் பெண் ஒருத்தி தன்மேலும் பாதி ஊற்றிக்கொண்டு சிரித்தாள். மாப்பிள்ளை அசீம் தலையில் துண்டோடு பால்கனியில் வந்து நின்றான்.

“மாமா, எனக்கு வெச்சிருந்த தண்ணியெல்லாம் காருக்கே ஊத்திட்டீங்களா?”

“நீ சென்ட் அடிச்சுக்க, போடா” என்றார் பாய்.

தாஜ் நிஷா வீட்டிலிருந்த ஷாம்பு பாக்கெட்டுகளைக் கிழித்துப் பக்கெட்டில் கரைத்துக் கொடுத்தாள். அன்புக்கரசி மெத்தென்ற துணியால் மீண்டும் கழுவி, அலசி, வெயில் பந்தலைத் தாண்டி வருவதற்குள் ஈரத்தை ஒற்றி எடுத்தாள். குனிந்து பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. பானெட்டில் பந்தலின் சீரியல் விளக்குகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

ஷபியுல்லா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“நல்லாருக்குது. பொய் சொல்லக் கூடாது, ரொம்ப நல்லாருக்குது” என்றார். அவள் மூச்சு விட்டாள். “நாளையிலருந்து தெனமும் காலைல வந்துடு. நாலு வண்டியும் தொடச்சு வுட்டுடு. மாசச் சம்பளமா வாங்கிக்க.”

“தெனமுமா? நான் வாரத்துக்கு ஒரு தடவ மிஷின்ல…”

“மிஷின்லாம் வேணாம்மா. அதான் பாத்தமே. பக்கெட்டுலயே இம்மாம் சுத்தமா செய்யிற, ஒனக்கு எதுக்கு அந்தத் துப்பாக்கி?”

“பாய், தெனமும் துணியால தேச்சாத்தான் பெயிண்ட்டு போவும். மிஷின்னா கீறலே வராது.”

“இன்னிக்குக் கீறல் வர இருந்ததே மிஷின்லதானம்மா.”

உண்மை வேறு, ஆனால் அவர் கண்டது இதுதான். அவர் கெட்ட மனிதரும் இல்லை. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடிவாதமாகச் சொன்னார். கெட்ட மனிதராக இருந்திருந்தால் திட்டிவிட்டு வந்திருக்கலாம். “யோசிச்சு சொல்றேன் பாய்” என்றாள். பக்கெட்டு, துணி, செத்துப்போன மிஷின் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வெளியே வந்தாள். வண்டி கழுவித் தருகிற ஆள் என்று சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டவளை, பத்துப் பாத்திரம் தேய்க்கிற மாதிரி நான்கு கார் துடைக்கக் கூப்பிடுகிறார்கள்.

வீட்டுக்குப் போகவில்லை. நேராகத் தொழிற்பேட்டைக்குப் போனாள். ஞாயிறானாலும் நந்தகுமார் யூனிட்டில் இருப்பார் என்று தெரியும்.

இருந்தார். அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக எழுந்து வந்தார்.

“வா அன்பு, வா. ஒன்னத்தான் நெனச்சிக்கிட்டு இருந்தேன். இங்க வந்து பாரு.”

பலகை பலகையாகக் குத்துவிளக்குகளும் யானைகளும் சூளைக்குக் காத்திருந்தன. மேலே வெள்ளை கிளேஸ், திட்டு இல்லாமல், வழியாமல், ஒரே சீராகப் படிந்திருந்தது.

“கம்ப்ரசர் புட்டுக்கிச்சு. ஆர்டரு கழுத்துல நிக்குது. அப்பறம்தான் ஒன் துப்பாக்கி நெனப்பு வந்துச்சு. நுரையத் தூக்கி அடிக்குதுன்னா கிளேஸையும் அடிக்கும் இல்ல? அடிச்சுது பாரு! கம்ப்ரசர்கூட இப்பிடி அடிக்காது.”

“பாட்டில ஏண்ணே கழுவாம வெச்ச?”

“கழுவுனனே.”

“உள்ள?”

நந்தகுமார் கொஞ்சம் யோசித்தார். “வெளிய கழுவுனேன்” என்றார். பிறகு அவசரமாக அலமாரியிலிருந்து ஒரு சொம்பை எடுத்தார். “ஒன் ஷாம்புவக் கீழ ஊத்திட்டன்னு நெனச்சிடாத. பத்தரமா எடுத்து வெச்சிருக்கேன், தோ பாரு. மூடிகூடப் போட்டிருக்கேன்.”

சொம்பிலிருந்து எலுமிச்சை வாசனை வந்தது. அன்புக்கரசிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டியது. பதிலுக்கு இருமல்தான் வந்தது. காலையில் நடந்ததைச் சொன்னாள். அவர் உச்சுக் கொட்டிக்கொண்டே கேட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார். வருத்தம் தீர்ந்த கையோடு சொன்னார்:

“போவட்டும் வுடு அன்பு. அந்த பாய் வேணான்னா போறாரு. நீ இங்க வந்துடு. ஒன் துப்பாக்கியோடவே வா. ஃபினிஷிங் வேணாம், ஸ்ப்ரே மட்டும் அடி. மாஸ்க் வாங்கித் தரேன். ஃபினிஷிங்குலதான் தூசி, ஸ்ப்ரேல தூசியே இல்ல, பொக மாதிரி சும்மா லேசாத்தான் பறக்கும்.”

அவள் அந்தப் பலகைகளைப் பார்த்தாள். சுவரிலும் ஜன்னல் கம்பியிலும் பல்பின் மேலும் அந்த ‘லேசா’ வெள்ளையாகப் படிந்திருந்தது. மிஷினோடு வரச் சொல்கிற இடத்தில் மூச்சு விட முடியாது. மூச்சு விடுகிற இடத்தில் மிஷின் கூடாதாம்.

“ஒம் மாஸ்க்க நீயே போட்டுக்கண்ணே” என்று சொம்பை வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

வீட்டில் செல்வநாயகி வாசலிலேயே நின்றிருந்தார். மருமகளின் முகத்தையும் சொம்பையும் பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டது.

“நந்தகுமாரு வந்து வாசல்ல நின்னான் அன்பு. ஆர்டரு போயிடும்னான். கண்ணு கலங்கிட்டான்.”

“என் ஆர்டரு போயிடுச்சு அத்த. எனக்குக் கண்ணு கலங்குனா யாருகிட்ட போயி நிக்கறது?”

ராத்திரி மாமியார் சாப்பிடவில்லை என்று தங்கராசு சொன்னார். பசிக்கட்டும் என்று அன்புக்கரசி நினைத்தாள். பிறகு எழுந்துபோய்த் தட்டில் போட்டு, சத்தமாக வைத்துவிட்டு வந்தாள். தீபாவளிக்கு இன்னும் எத்தனை வாரம் என்று தங்கராசு மனதுக்குள் எண்ணுவது அவளுக்குக் கேட்டது.

மறுநாள் ஜங்ஷன் ரோட்டு ஆபீசில் ஷபியுல்லா நிக்காஹ் அசதியில் உட்கார்ந்திருந்தார். அவள் நாற்காலியில் உட்காரவில்லை.

“வரேன் பாய். ஆனா மூணு விஷயம்.”

“சொல்லு.”

“நான் கழுவுற வண்டிய நான் முடிக்கறவரைக்கும் வேற யாரும் தொடக் கூடாது. ஒங்க டிரைவருங்க டேஷ்போர்டு தொடைக்கற துணியாலயே பானெட்டையும் தொடைக்கறாங்க, அது கூடாது. துணி என்னுது.”

“சரி.”

“டயருக்கும் வண்டி அடியில ஒட்டுற சேத்துக்கும் மிஷின்தான். அது பக்கெட்டுக்கு மசியாது.”

பாய் தாடியைத் தடவினார். “டயரோட நிக்கணும். பாடி பக்கம் அத நீட்டக் கூடாது.”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள். கார் கழுவுகிற மிஷின், காரைத் தொடக் கூடாது. சரி.

“மூணாவது?”

“வண்டி கழுவ நிக்கும்போது சாவி எங்கிட்ட இருக்கணும். ஈரத்தோட எடுத்துட்டுப் போனா உப்புப் பூத்துடும், அப்பறம் அன்பு சரியா கழுவலன்னு எம்மேலதான் வரும்.”

“நீ எனக்கே மொதலாளியாட்டம் பேசுறியே.”

“கழுவுற நேரத்துக்கு மட்டும் பாய்.”

அவர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை.

இப்போது தினமும் காலையில் பாய் வீட்டுக் காம்பவுண்டில் அவளைப் பார்க்கலாம். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நான்கு வண்டிக்கும் பக்கெட் பக்கெட்டாகத் தூக்கி ஊற்றுகிறாள். தோள்பட்டை வலிக்கிறது. மிஷின் சக்கரங்களுக்கு அடியில் மட்டும் கொஞ்ச நேரம் உறுமிவிட்டு ஓரமாகப் போய்ப் படுத்துக்கொள்கிறது. கதவுக்குச் சற்றுக் கீழே அதன் நுனி வரும்போதெல்லாம் இன்னும் ஒரு சாண் மேலே தூக்கினால் என்ன என்று அவளுக்குக் கை துடிக்கிறது. ஜன்னலில் பாய் உட்கார்ந்திருப்பார். தூக்குவதில்லை.

நேற்று டிரைவர் கொளஞ்சிநாதன் பரபரவென்று ஓடி வந்தான். சென்னைக்கு ஒரு குடும்பம் பெட்டி படுக்கையோடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே காத்திருந்தது.

“அக்கா, சாவி.”

“ஈரம் போவல.”

“ஓட்டுனா காத்துல காஞ்சிடும்க்கா.”

“காத்துல காஞ்சா உப்பு நிக்கும். போயி பாயக் கேளு.”

“பாயத்தான் கேட்டேன். ஒங்களக் கேக்கச் சொல்லிட்டாரு.”

அன்புக்கரசி துணியைப் பிழிந்து உதறினாள். பின்கதவு இன்னும் பாக்கி இருந்தது.

“அப்ப நில்லு” என்றாள்.